அனைத்து வயதினரும் வரலாம்னு போர்டு வச்சா, கண்ணாடியும் வைக்கணும்

1.
கோடை லீவு விட்டாச்சு. நூலகங்கள்ல வழக்கம் போல கோடை முகாம் நோட்டீஸ் ஒட்ட ஆரம்பிச்சிருக்காங்க. கதை சொல்லல், ஓவியம், செஸ், புத்தக வாசிப்பு. பல நோட்டீஸ்ல கடைசி வரியா "அனைத்து வயதினரும் கலந்துகொள்ளலாம்"னு இருக்கும். அந்தக் கடைசி வரியைப் பத்தித்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம். டீ போட்டு வச்சுக்கிட்டு படிங்க.

2.
நூலகத்துக்கும் டாக்டருக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேப்பீங்க. நான் அரசு மருத்துவமனையில வேலை பாக்குற சாதாரண எம்பிபிஎஸ் டாக்டர். சொந்த ஊர் குமாரலிங்கபுரம். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசக்காட்டு ஆளு. அந்தச் சம்பந்தம் எனக்கே போன வருஷம் சித்திரையில, ஒரு ராத்திரி டூட்டியில தான் புரிஞ்சது.

3.
ராத்திரி ஒன்பதரை இருக்கும். 54 வயசு அம்மா ஒருத்தரை ஆட்டோவுல தூக்கிட்டு வந்தாங்க. பேச்சு இல்ல, உடம்பெல்லாம் வேர்வை, சேலை நனைஞ்சு போயிருந்தது. "பக்கவாதம் வந்துருச்சு சார்"னு மகன் அழுகிறார். சுகர் பேஷன்ட்னு சொன்னதும் விரல்ல குத்திப் பார்த்தோம். 34. ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. 34ன்னா மூளைக்குச் சாப்பாடு நின்னு போச்சுன்னு அர்த்தம்.

4.
ஊசி வழியா 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஏத்துனோம். கொஞ்ச நேரத்துல கண்ணைத் திறந்து, "இது எந்த ஊரு"ன்னு கேட்டாங்க. மகன் என் கையைப் பிடிச்சுக்கிட்டார். நான் ஒன்னும் பெருசா செய்யல. சர்க்கரைத் தண்ணி தான் ஏத்துனேன். இன்னும் ரெண்டு மணி நேரம் தாமதமா வந்திருந்தா இந்தக் கதையை நான் வேற மாதிரி எழுதியிருப்பேன்.

5.
என்ன நடந்ததுன்னு விசாரிச்சேன். அவங்களுக்கு இன்சுலின் 20 யூனிட். வழக்கமா அரசு மருத்துவமனையில வாங்குறது, ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள பாட்டில். அதுக்குன்னு உள்ள சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. கோயில் பொங்கலுக்கு மகள் ஊருக்குப் போயிருக்காங்க. கையிருப்பு மருந்து தீர்ந்து போச்சு. வெளியில ஒரு பாட்டில் வாங்கியிருக்காங்க. அது ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ளது. அதுக்குரிய சிரிஞ்சு வேற, ஆரஞ்சு மூடி.

6.
அம்மா புது பாட்டில்ல இருந்து பழைய சிரிஞ்சுல, வழக்கம் போல 20ங்கற கோடு வரைக்கும் இழுத்துப் போட்டுக்கிட்டாங்க. 40 சிரிஞ்சுல 20ங்கறது அரை மில்லி. 100 மருந்துல அரை மில்லின்னா 50 யூனிட். 20 போட வேண்டிய இடத்துல 50. ரெண்டரை மடங்கு. கோடு சரி, கை சரி, நேரம் சரி. பாட்டில்ல எழுதியிருந்த ஒரே ஒரு எண்ணு மட்டும் அவங்களுக்குப் படல.

7.
மறுநாள் ரவுண்ட்ஸ்ல கேட்டேன்.
"அம்மா, படிக்கத் தெரியாதா?"
அவங்களுக்குக் கோவம் வந்துருச்சு.
"எட்டாப்பு வரைக்கும் படிச்சவ தம்பி நானு. பள்ளிக்கூடத்துல நாந்தான் பாடம் வாசிப்பேன். இப்ப எழுத்து தெரிய மாட்டேங்குது."

நான் கேட்டது தப்பான கேள்வி. எழுத்து தெரியாதவங்க வேற. எழுத்து தெரியலங்கறவங்க வேற. ரெண்டுக்கும் நடுவுல ஒரு கண்ணாடி தான் வித்தியாசம்.

8.
இதுக்கு நம்ம ஊர்ல அருமையான பேரு உண்டு: வெள்ளெழுத்து. கண்ணுக்குள்ள இருக்குற லென்ஸ் சின்ன வயசுல நெகிழ்வா இருக்கும். கிட்டத்துல பாக்கும்போது குவிஞ்சு, தூரத்துல பாக்கும்போது தட்டையாகும். வயசாக ஆக அது இறுகிப் போகும். 40 வயசை ஒட்டி, கிட்டத்துல உள்ள எழுத்து மங்க ஆரம்பிக்கும். இது வியாதி இல்ல. தலை நரைக்கிற மாதிரி. ஏறக்குறைய எல்லாருக்கும் வரும்.

9.
இதுல ஒரு ஏமாத்து வேலை இருக்கு. தூரப்பார்வை நல்லாத்தான் இருக்கும். அரை மைலுக்கு அப்பால வர்ற பஸ்ஸு எந்த பஸ்ஸுன்னு சொல்லிருவாங்க. அதனால "எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது"ன்னு தான் சொல்வாங்க. ஊசியில நூல் கோக்கச் சொல்லுங்க, பேரனைக் கூப்பிடுவாங்க. மாத்திரை அட்டையைக் கொடுங்க, கையை நீட்டி தூரத்துல வச்சுப் பாப்பாங்க. கை நீளம் பத்தாமப் போறப்ப படிக்கிறதையே விட்டுருவாங்க.

10.
ஆம்பளைங்க எப்படியோ ஒரு கண்ணாடி வாங்கிருவாங்க. பேப்பர் படிக்கணும், கணக்குப் பாக்கணும், கையெழுத்துப் போடணும். கிராமத்துப் பொம்பளைங்க "எனக்கெதுக்கு அதெல்லாம்"னு விட்டுருவாங்க. என் ஓபியில 40 தாண்டின பெண்கள்கிட்ட "வாசிக்கக் கண்ணாடி இருக்கா"ன்னு கேட்டுப் பாத்திருக்கேன். சிரிப்பு தான் பதிலா வரும்.

11.
ஒரு சாதாரண கண்ணாடி என்ன செய்யும்? அசாம் தேயிலைத் தோட்டத்துல ஒரு ஆய்வு நடந்தது. 2018ல லான்செட் குளோபல் ஹெல்த் இதழ்ல வெளிவந்தது. 40 வயசு தாண்டின தொழிலாளர்கள் 751 பேர். பாதிப் பேருக்கு உடனே வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்தாங்க, மீதிப் பேருக்கு ஆய்வு முடிஞ்ச பிறகு. கண்ணாடி போட்டவங்களோட தேயிலை பறிப்பு, போடாதவங்களை விட சுமார் 22 சதவீதம் கூடுதலா உயர்ந்தது. மருந்து கிடையாது, ஆபரேஷன் கிடையாது. ஒரு கண்ணாடி.

12.
இப்ப நூலகத்துக்கு வருவோம்.

கோடை வாசிப்புன்னாலே நமக்குக் குழந்தைங்க தான் ஞாபகம் வரும். தப்பில்ல. பிரிட்டன்ல 1999ல இருந்து நூலகங்கள்ல சிறுவர்களுக்கு ஒரு கோடை வாசிப்புச் சவால் நடக்குது. லீவு முடியறதுக்குள்ள ஆறு புத்தகம், அவ்வளவு தான். அமெரிக்காவுல ஃப்ளோரிடா மாகாணத்துல, 2010ல வெளிவந்த ஒரு ஆய்வு. ஏழைக் குடும்பத்துக் குழந்தைகளுக்கு மூணு கோடைக்கு, கோடைக்கு 12 புத்தகம் கொடுத்தாங்க. புத்தகத்தை அவங்களே தேர்ந்தெடுத்தாங்க. அவங்களோட வாசிப்புத் திறன், புத்தகம் கிடைக்காத குழந்தைகளை விட மேல போச்சு.

13.
நம்ம ஊர்லயும் மே மாசத்துல மாவட்ட மைய நூலகம், கிளை நூலகங்கள்ல முகாம் நடக்குது. 2023 ஜூலையில திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போங்க, கண்டிப்பா சந்தோஷப்படுவாங்க. ஆனா அருப்புக்கோட்டையில இருந்து அது ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். கரிசக்காட்டு ஊருக்கு அது தினசரி நூலகம் ஆகாது. நம்ம கிளை நூலகமும் ஊர்ப்புற நூலகமும் தான் நமக்கு.

14.
அந்த நூலகத்துக்குள்ள ஒரு சாயங்காலம் போய் உக்காந்து பாருங்க. யார் யார் இருப்பாங்க? பேப்பர் படிக்கிற ரிட்டயர்டு சார்மார். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற தம்பி, தங்கச்சிங்க. முகாம் நடந்தா கலர் பென்சிலோட குழந்தைங்க. யார் இருக்க மாட்டாங்க? 35ல இருந்து 70 வரைக்கும் உள்ள பெண்கள். மகனை, பேத்தியைக் கொண்டாந்து வாசல்ல விட்டுட்டு அப்படியே திரும்பிப் போறவங்க. "அனைத்து வயதினரும்"ங்கற வரி அவங்களுக்கும் சேர்த்து எழுதினது தான். ஆனா யாரும் அவங்களை உள்ள வாங்கன்னு சொன்னதில்ல.

15.
இத்தனைக்கும் கரிசல்ல கோடை தான் பெரியவங்களுக்கும் தோதான காலம். இங்க எல்லாம் மானாவாரி. புரட்டாசி, ஐப்பசியில விதைப்பு. தை, மாசியில அறுப்பு. பருத்தி எடுப்பு பங்குனி வரைக்கும் இழுக்கும். சித்திரை, வைகாசியில காடு சும்மா கிடக்கும். மழை வந்தா கோடை உழவு. பெண்கள் நூறு நாள் வேலைக்கு, தீப்பெட்டி, பட்டாசு வேலைக்குப் போவாங்க, உண்மை தான். ஆனா களையெடுப்பு நேரத்துல இருக்குற மூச்சு முட்டுற ஓட்டம் இருக்காது. சாயங்காலம் திண்ணையில உக்கார ஒரு மணி நேரம் கிடைக்கும்.

16.
நூலகம் நமக்கு யாரோ போட்ட பிச்சை இல்ல. சுதந்திர இந்தியாவுல முதல் பொது நூலகச் சட்டம் வந்தது நம்ம சென்னை மாகாணத்துல, 1948ல. சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன் அதுக்காகப் பல வருஷம் அலைஞ்சார். புத்தகம் ஒரு சிலருக்கு மட்டும்ங்கறதை அவர் கடைசி வரைக்கும் ஒத்துக்கிட்டதில்ல. உங்க வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்க. நூலக வரின்னு ஒன்னு இருக்கும். சொத்து வரியில ரூபாய்க்கு 10 பைசா. அந்த வரி ஆம்பளை வீட்டுக்கு, பொம்பளை வீட்டுக்குன்னு பிரிச்சு வாங்குறதில்ல.

17.
2006க்குப் பிறகு, அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்துல ஊராட்சிக்கு ஒரு நூலகம்னு கட்டினாங்க. 12,618 ஊராட்சிகள். எவ்வளவு பெரிய காரியம்! எங்க பக்கத்துல ஒரு ஊர்ல அந்தக் கட்டடத்தைப் போய்ப் பாத்தேன். பூட்டு துருப்பிடிச்சிருந்தது. ஜன்னல் வழியா பாத்தா உள்ள புத்தகம் இருக்கு. சாவி யார்கிட்டன்னு மூணு பேர்கிட்ட கேட்டேன், மூணு பதில் வந்தது. கட்டடம் கட்டுறது ஒரு வருஷ வேலை. தினமும் சாயங்காலம் கதவைத் திறக்குறது தான் ஆயுசு வேலை.

18.
"நம்ம பொம்பளைங்களுக்கு வாசிப்புப் பழக்கமே கிடையாதே சார்"னு ஒரு நண்பர் சொன்னார். அதை நான் நம்பல. பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, பெரிய எழுத்து நல்லதங்காள் கதை கேள்விப்பட்டிருப்பீங்க. கொட்டை எழுத்துல அச்சடிச்சு, சந்தையிலயும் திருவிழாவுலயும் வித்த புத்தகங்கள். ஒருத்தர் வாசிக்க, தெருவே உக்காந்து கேக்கும். நல்லதங்காளுக்குக் கோயில் இருக்குறது நம்ம மாவட்டத்துல, வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்துல. மங்கின விளக்குல, வயசானவங்க கண்ணுக்கும் புலப்படணும்னா எழுத்து பெருசா இருக்கணும்ங்கறது அந்தக் காலத்துப் புத்தகக்காரங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

19.
இன்னொரு கணக்கும் இருக்கு. 90களோட தொடக்கத்துல அறிவொளி இயக்கம் வந்தது. தெருவிளக்கு வெளிச்சத்துல, கூலி வேலை முடிச்சிட்டு வந்த பெண்கள் சிலேட்டு பிடிச்சாங்க. புதுக்கோட்டையில எழுத்தோட சேர்த்து சைக்கிளும் கத்துக்கிட்டாங்க. அன்னைக்கு 25 வயசுல பேரெழுதக் கத்துக்கிட்டவங்களுக்கு இப்ப 60 ஆச்சு. வகுப்பு நின்னு போச்சு, கையில புத்தகம் இல்ல, அதனால எழுத்து ஒரு தடவை மறந்தது. அப்புறம் வெள்ளெழுத்து வந்து மிச்சம் இருந்ததையும் மறைச்சது. கஷ்டப்பட்டுச் சேத்த நகையை ரெண்டு தடவை தொலைச்ச மாதிரி.

20.
பள்ளிக்கூடம் அதிகம் போகாததுக்கும் இலக்கியத்துக்கும் சம்பந்தம் இல்லன்னு காட்டின மண்ணு இது. மேலாண்மறைநாட்டுல அஞ்சாம் வகுப்போட படிப்பை விட்ட மேலாண்மை பொன்னுச்சாமி, 2007ல சாகித்திய அகாதமி விருது வாங்கினார். மல்லாங்கிணற்றுக்காரர் எஸ்.ராமகிருஷ்ணன் இந்தக் கரிசல் நாதஸ்வரக்காரங்களைப் பத்தி எழுதின சஞ்சாரம் 2018ல விருது வாங்கினது. நம்மளைப் பத்தி எழுதின புத்தகங்களை நம்ம அத்தை, சித்திமார் ஒரு பக்கம் கூடப் பாத்ததில்ல. இது யார் குத்தம்?

21.
சரி, பேசிட்டே இருந்தா போதுமா? போன வைகாசியில ஒரு சின்ன முயற்சி செஞ்சு பாத்தேன். அருப்புக்கோட்டையில ரெடிமேடு வெள்ளெழுத்துக் கண்ணாடி ஒரு டஜன் வாங்கினேன். ஒன்னு நூறு, நூத்தம்பது ரூபா. பவர் ஒன்னரை, ரெண்டு, ரெண்டரை. நூலகத்துல இருந்து எங்க வீட்டு ஆளுங்க கார்டுகள்ல கொஞ்சம் புத்தகம் எடுத்தோம். எங்க வீட்டுத் திண்ணை, சாயங்காலம் அஞ்சரை மணி. வாசிக்கிறது ஏழாவது படிக்கிற என் அக்கா மக.

22.
முத நாள் வந்தது நாலு பேர். அதுல ரெண்டு பேர் டாக்டர் மருந்து குடுப்பார்னு நினைச்சு வந்தவங்க. ஒரு அத்தை கண்ணாடியைப் போட்டதும் புத்தகத்தைப் பாக்கல. தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. அப்புறம் உள்ள போய் முறத்துல இருந்த அரிசியைப் பாத்துட்டு வந்து, "இம்புட்டு நாளும் கல்லோட தான் சோறாக்கிருக்கேன் போல"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சோம்.

23.
ரெண்டாவது நாள் அதே அத்தை கொண்டு வந்தது கதைப் புத்தகம் இல்ல. மகளிர் குழு கடன் தாள். எழுத்துக்கூட்டி, அக்கா மக உதவியோட ஒன்றரைப் பக்கம் வாசிச்சாங்க. தவணை எத்தனை, வட்டி எவ்வளவுன்னு அன்னைக்குத் தான் அவங்களே பாத்தாங்க. கையெழுத்துப் போட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னொருத்தர் ரேஷன் கார்டுல தன் பேரு தப்பா இருக்குறதைக் கண்டுபிடிச்சார். மூணாவது வாரத்துல தான் கதை ஆரம்பிச்சது. முதல்ல தாள், அப்புறம் தான் கதை. அந்த வரிசையை நாங்க போடல, அவங்களே போட்டாங்க.

24.
எல்லாம் ஜெயிச்சிருச்சுன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு பேர் புருஷன்மார் கேலி பண்ணினதுல நின்னுட்டாங்க. நாலாவது வாரம் கோயில் கொடை வந்து எல்லாம் கலைஞ்சது. ஒருத்தருக்கு எந்தக் கண்ணாடி போட்டும் தெரியல. அனுப்பிப் பாத்தா கண்புரை, ஆபரேஷன் ஆச்சு. இன்னொருத்தருக்குச் சர்க்கரை நோயால விழித்திரை பாதிச்சிருந்தது, சிகிச்சையில இருக்கார். கதை கேக்க வந்த இடத்துல ரெண்டு பேர் கண்ணு மாட்டிக்கிச்சு. ஓபியில உக்காந்திருந்தா அவங்க என்கிட்ட வந்தே இருக்க மாட்டாங்க.

25.
அதனால நூலகத் துறையில இருக்குறவங்களுக்கும், வாசகர் வட்ட நண்பர்களுக்கும், ஊராட்சியில இருக்குறவங்களுக்கும் இந்தக் கோடைக்கு என் கோரிக்கைகள்:

ஒன்னு. நூலகர் மேஜை மேல ஒரு பெட்டி வெள்ளெழுத்துக் கண்ணாடி. பேங்குல பேனாவைக் கயித்துல கட்டி வச்சிருப்பாங்கல்ல, அந்த மாதிரி கட்டி வச்சாலும் சரி. நூலகப் புரவலர் ஆக 1,000 ரூபா. கிட்டத்தட்ட அந்த அளவு காசுக்கு ஒரு ஊருக்கான கண்ணாடி வந்துரும்.

ரெண்டு. நேரம். உச்சி வெயில்ல யாரையும் வர வைக்காதீங்க. சாயங்காலம் அஞ்சுல இருந்து ஏழு. ஒரு பானை தண்ணி, ஒரு ஃபேன், சுத்தமான கழிப்பறை. கழிப்பறை இல்லாத இடத்துக்குப் பெண்கள் வர மாட்டாங்க.

26.
மூணு. பிள்ளைங்க பெரியவங்களுக்கு வாசிச்சுக் காட்டணும். தினம் அரை மணி நேரம். பிள்ளைக்குச் சத்தமா வாசிக்கிற பயிற்சி. அப்பத்தாவுக்குக் கதை. கேக்குறதும் வாசிப்பு தான், அதையும் கணக்குல எழுதுங்க.

நாலு. புத்தகத்தை அவங்களே எடுக்கட்டும். பெரிய எழுத்துப் புத்தகம், படக்கதை, சமையல், சாமி கதை, சட்டம், எதுவானாலும். "இதெல்லாம் ஒரு புத்தகமா"ன்னு மட்டும் யாரும் கேக்கக் கூடாது.

அஞ்சு. போட்டி வேண்டாம். வினாடி வினா, முதல் பரிசு, மேடை எதுவும் வேண்டாம். 60 வயசுல வந்து உக்கார்றவங்களுக்குத் திரும்பவும் பரீட்சை பயத்தைக் காட்டாதீங்க.

27.
ஆறு. வாரத்துல ஒரு நாள் "தாள் வாசிப்பு". வீட்டுல இருக்குற மாத்திரை அட்டை, இன்சுலின் பாட்டில், கடன் தாள், பாஸ் புக் எல்லாத்தையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. மருந்துல மூணு விஷயம் வாசிக்கப் பழகணும்: பேரு, அளவு, காலாவதி தேதி. பக்கத்துல இருக்குற ஆரம்ப சுகாதார நிலையத்துல இருந்து ஒரு நர்ஸையோ டாக்டரையோ கூப்பிடுங்க. வருவோம்.

ஏழு. முகாமுக்கு ஒரு நாள் கண் மருத்துவ உதவியாளரை வரவழைங்க. தேசியப் பார்வை இழப்புத் தடுப்புத் திட்டத்துல முதியவங்களுக்கு இலவசமா வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுக்க வழி இருக்கு. அதைக் கேட்டு வாங்குங்க.

28.
ஒரு டாக்டரா எச்சரிக்கையும் சொல்லணும். ரெடிமேடு கண்ணாடி வெள்ளெழுத்துக்கு மட்டும் தான். ரெண்டு கண்ணுக்கும் வேற வேற பவர் இருந்தா சரிப்படாது. கண் வலி, திடீர்னு மங்கல், விளக்கைச் சுத்தி வளையம், பார்வையில கரும்புள்ளி மிதக்குறது, இதெல்லாம் இருந்தா கடைக் கண்ணாடியில நேரத்தைக் கடத்தாதீங்க. சர்க்கரை நோய் இருக்குறவங்க கண்ணு நல்லாத் தெரிஞ்சாலும் வருஷம் ஒரு தடவை விழித்திரை பரிசோதனை செஞ்சே ஆகணும். 40 தாண்டின எல்லாரும் ஒரு தடவையாவது கண் அழுத்தம் பாத்துருங்க.

29.
வரப்போற எதிர்க்கேள்விகளுக்கு இப்பவே பதில் சொல்லிடறேன்.

"கண்ணாடி கொடுக்குறது நூலகத்தோட வேலையா?" சக்கர நாற்காலி போக சாய்தளம் கட்டுறோம்ல? படிக்கட்டு கட்டிட்டு, ஏற முடியாதவங்க வரலன்னு சொல்ல முடியாது.

"நூலகர் ஒரே ஆளு, எப்படி முடியும்?" நியாயமான கேள்வி. அதனால தான் வாசகர் வட்டமும் லீவுல இருக்குற காலேஜ் பிள்ளைங்களும் கை கொடுக்கணும்னு சொல்றேன். நூலகர் தலையில மட்டும் எல்லாத்தையும் கட்டாதீங்க.

30.
"இப்பத்தான் எல்லார் கையிலயும் போன் இருக்கே, புத்தகம் எதுக்கு?" போன்ல வர்ற எழுத்தும் அதே கண்ணுக்குத் தான் தெரியணும். ஓடிபி எண்ணைப் பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட வாசிக்கச் சொல்லி ஏமாந்தவங்களை நான் பாத்திருக்கேன். எழுத்து கண்ணுக்குத் தெரியாதவங்க கையில போன் இருந்தா, அவங்களுக்கு அது வெறும் வீடியோ பெட்டி தான். வாட்ஸ்அப்ல வர்ற வைத்தியத்தை வீடியோவாப் பாத்துட்டு மாத்திரையை நிறுத்துறவங்களோட தான் எங்க ஓபி தினமும் மல்லுக்கட்டுது.

31.
புத்தகம் படிச்சா ஆயுசு கூடுமான்னும் கேப்பீங்க. 2016ல ஒரு அமெரிக்க ஆய்வு. 50 வயசு தாண்டின 3,635 பேரை 12 வருஷம் தொடர்ந்து பாத்தாங்க. புத்தகம் வாசிச்சவங்களுக்கு அந்தக் காலத்துல இறப்பு அபாயம் வாசிக்காதவங்களை விட 20 சதவீதம் குறைவு. இதை வச்சு "புத்தகம் தான் காப்பாத்துச்சு"ன்னு நான் சொல்ல மாட்டேன். வாசிக்கிறவங்க வேற விதத்துலயும் தங்களைப் பாத்துக்கிறவங்களா இருக்கலாம். ஆனா மருந்து பாட்டில்ல 40க்கும் 100க்கும் வித்தியாசம் வாசிச்சா ஆயுசு கூடும். அதுக்கு எனக்கு ஆய்வு தேவையில்ல, அந்த ராத்திரி ஒன்னே போதும்.

32.
1931ல மன்னார்குடியில கனகசபைப் பிள்ளைன்னு ஒருத்தர் மாட்டு வண்டியில புத்தகத்தை ஏத்திக்கிட்டு ஊர் ஊரா நூலகம் கொண்டு போனார். 1989ல அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்து அரசு மருத்துவமனையில, குழந்தையைக் காட்ட வர்ற தாய்மாருக்கு மருந்துச் சீட்டோட ஒரு படப் புத்தகமும் டாக்டர்கள் கொடுக்க ஆரம்பிச்சாங்க. அது இன்னைக்கு அந்த நாடு முழுக்கப் பரவிடுச்சு. ஒருத்தர் நூலகத்துல இருந்து ஜனங்க பக்கம் போனார். இன்னொருத்தர் ஆஸ்பத்திரியில இருந்து புத்தகத்துப் பக்கம் வந்தார். நடுவுல எங்கேயாவது நாமளும் நிக்கலாம்.

33.
நான் என் பங்குக்கு ஒன்னு ஆரம்பிச்சிருக்கேன். 40 தாண்டினவங்களோட ஓபி சீட்டுல மருந்துக்குக் கீழே ரெண்டு வரி எழுதுறேன். "கண் பரிசோதனை. நூலகம், சாயங்காலம்." பார்மசியில அதைப் பாத்துட்டு "இந்த மாத்திரை இங்க இல்லம்மா"ன்னு ஒரு தடவை சொல்லிட்டாங்களாம். சிரிச்சுக்கிட்டோம். ஆனா எழுதறதை நிறுத்தல.

34.
அந்த 54 வயசு அம்மா மாசாமாசம் இன்சுலின் வாங்க வர்றாங்க. இப்ப மூக்கு மேல ஒரு கண்ணாடி, கழுத்துல கறுப்புக் கயிறு. கவுன்டர்ல பாட்டில் கைக்கு வந்ததும் அங்கயே நின்னு, வெளிச்சத்துல திருப்பிப் பாத்து, எட்டாப்புல பாடம் வாசிச்ச அதே குரல்ல சத்தமா வாசிக்கிறாங்க. "நாப்பது." அப்புறம் சிரிஞ்சு மூடியைப் பாக்குறாங்க. "சிவப்பு." பின்னால வரிசையில நிக்கிறவங்க "சீக்கிரம் நகரும்மா"ன்னு சத்தம் போடுறாங்க. அவங்க நகர மாட்டேங்குறாங்க. நானும் நகரச் சொல்றதில்ல.

35.
உங்க ஊர் நூலகத்துல கோடை முகாம் இருந்தா பிள்ளையை மட்டும் வாசல்ல விட்டுட்டு வராதீங்க. அம்மாவை, அத்தையை, அம்மாச்சியை உள்ள கூட்டிட்டுப் போங்க. போற வழியில ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுங்க. முகாம் இல்லன்னா, பூட்டுக்குச் சாவி யார்கிட்ட இருக்குன்னு போய்க் கேளுங்க. வேற எதுவும் முடியலன்னா, இன்னைக்கு ராத்திரி வீட்டுல இருக்குற பெரியவங்க கையில ஒரு மாத்திரை அட்டையைக் கொடுத்து "இதுல என்ன தேதி போட்டிருக்கு"ன்னு மட்டும் கேட்டுப் பாருங்க. அவங்க கையை எவ்வளவு தூரம் நீட்டுறாங்கன்னு கவனிங்க.

ஒரு அரசு மருத்துவர், குமாரலிங்கபுரம்.